வடம்வலியில் ஏழு பேரின் கணக்கு

வடம்வலி என்பது இரண்டு அணிகள் ஒரே வடத்தை எதிரெதிராகப் பிடித்து இழுத்து, நடுக் குறியைத் தம் பக்கம் கொண்டுவரப் போராடும் ஆட்டம். தமிழ்நாட்டுப் பள்ளி விளையாட்டு விழாக்களில் கயிறு இழுக்கும் போட்டி என்று நடப்பதும் இதுதான். கேரளத்தில் இது ஓணத்தைவிட்டுப் பிரியாத ஆட்டம். ஆவணி பிறந்துவிட்டால் திருவனந்தபுரம் தம்பானூரில் ரயில் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் சுற்றியுள்ள பகுதிகளில் குடியிருப்போர் சங்கம், கிளப், அலுவலகம், சற்றுத் தள்ளியுள்ள கல்லூரிகள் என்று வடம் எடுக்காத இடம் குறைவு. ஓண விருந்து முடிந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்குகிறவர்கள் ஒரு வகை. ஊர் ஊராகப் போய்ப் பரிசுப் பணத்துக்கு இழுக்கும் பயிற்சி பெற்ற அணிகள் இன்னொரு வகை. கோட்டயம் மாவட்டத்து நீலூரின் ‘ஆஹா’ அணி இந்த இரண்டாம் வகையில் பேர்பெற்றது. 2021இல் வந்த மலையாளப் படம் ஒன்று அந்தப் பெயரையே சூட்டிக்கொண்டது. கடல் கடந்த மலையாளிகளும் விட்டபாடில்லை. அமெரிக்காவின் சிகாகோவில் நடக்கும் ஓணக்கால வடம்வலிக்கு வேறு நாடுகளிலிருந்தும் அணிகள் போகின்றன.

கேரள முறையில் ஓர் அணிக்கு 7 பேர். எடை வரம்போடு நடக்கும் போட்டிகளில் 455 கிலோ பரவலான வரம்பு. அதாவது ஆளுக்குச் சராசரி 65 கிலோ. உலகக் கூட்டமைப்பின் விதிப்படி அணிக்கு 8 பேர். ஆண்களுக்கு 560, 600, 640, 680, 720 கிலோ எனப் பல பிரிவுகள் உண்டு. வடத்தின் சுற்றளவு 10 முதல் 12.5 சென்டிமீட்டர், நீளம் குறைந்தது 33.5 மீட்டர். எதிரணியை 4 மீட்டர் இழுத்துவிட்டால் ஒரு இழுப்பு வென்றதாகக் கணக்கு. மூன்றில் இரண்டு வென்றால் ஆட்டம். விதிகள் இவ்வளவு எளிமையாக இருப்பதால்தானோ என்னவோ, கைபலம் உள்ளவன் வெல்லும் ஆட்டம் என்ற எண்ணம் பார்வையாளரிடம் ஊறிப்போயிருக்கிறது.

அந்த எண்ணத்தை இயற்பியல் ஏற்பதில்லை. வடத்தின் எடையைப் பொருட்படுத்தாமல் விட்டால், நடுக் குறிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுவிசை ஒன்றுதான். நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, முதல் அணி இரண்டாம் அணியை எந்த விசையால் இழுக்கிறதோ அதே விசையால் இரண்டாம் அணியும் முதல் அணியை இழுக்கிறது. தோற்கிற அணியும் அதே அளவு இழுத்துத்தான் தோற்கிறது. ஓர் அணி 455 கிலோ எடையளவு விசையோடும் எதிரணியும் அதே விசையோடும் இழுத்தால் வடத்தில் 910 கிலோ ஏறும் என்று நினைப்பதும் தவறு, ஏறுவது 455தான். வித்தியாசம் வடத்தில் இல்லை, தரையில் இருக்கிறது. தரையை முன்னோக்கி அதிகமாக உதைத்துத் தள்ள முடிந்த அணி பின்னால் நகரும். கை செய்யும் வேலை, கால் தரையிலிருந்து பெற்றதை வடத்துக்குக் கடத்துவது மட்டுமே.

இதற்கு நல்ல ஒப்புமை தம்பானூர் நடைமேடையிலேயே நிற்கிறது. சுமார் ஆயிரம் டன் ரயிலை இழுத்துக்கொண்டு கிளம்பும் வாப்-7 மின் எஞ்சினின் எடை 123 டன். மோட்டாரின் திறன் எவ்வளவாக இருந்தாலும், கிளம்பும் நேரத்தில் அது இழுக்கக்கூடிய விசை தன் எடையில் கால் பங்குக்குச் சற்று மேல்தான். அதற்கு மேல் முறுக்கினால் சக்கரம் தண்டவாளத்தில் வழுக்கிச் சுழலும். எஞ்சினை ஒட்டிய முதல் இணைப்பி மொத்த ரயிலின் இழுவிசையையும் தாங்குகிறது. கடைசிப் பெட்டிக்கு முன்னுள்ள இணைப்பி அந்த ஒரு பெட்டியின் சுமையை மட்டும் தாங்குகிறது. வடத்திலும் இதே கணக்கு, திசை மட்டும் மாறும். ஏழு பேரும் சமமாக இழுக்கும்போது நடுக் குறிக்கும் முதல் ஆளுக்கும் இடையில் 455 கிலோ, முதல் ஆளுக்கும் இரண்டாம் ஆளுக்கும் இடையில் 390, அடுத்து 325 என்று குறைந்துகொண்டே போய், கடைசி ஆளுக்கு முன்னால் 65தான் மிஞ்சும். கடைசியில் நிற்கும் தடியர்தான் அணியையே தாங்குகிறார் என்று ஊரில் சொல்வது, எல்லோரும் ஒழுங்காக இழுக்கும் நேரத்தில், உண்மையில்லை.

ஒருவர் 65 கிலோ விசையைத் தருவது எப்படி? உடலை நேராக வைத்துக் குதிகாலை ஊன்றிப் பின்னால் சாய்வதால். சாய்ந்த உடலை அதன் எடை கீழே வீழ்த்தப் பார்க்கிறது. வடம் அவரை முன்னோக்கி நிமிர்த்தப் பார்க்கிறது. இந்த இரண்டு திருப்புவிசைகளும் குதிகாலைச் சுற்றிச் சமமாகும் இடத்தில் உடல் நிற்கும். வடத்தை உடலின் ஈர்ப்பு மையத்தை ஒட்டி, ஏறத்தாழ இடுப்புக்குச் சற்று மேலே, பிடித்திருப்பதாக வைத்துக்கொண்டால் கணக்கு மிக எளிது: இழுவிசை, உடல் எடையைச் சாய்வுக் கோணத்தின் டேஞ்சன்டால் பெருக்கியதற்குச் சமம். செங்குத்திலிருந்து 30 பாகை சாய்ந்தால் எடையில் 58 சதவீதம். 45 பாகை சாய்ந்தால் முழு எடை. 65 கிலோ ஆள் 65 கிலோ இழுப்பார். 60 பாகை சாய முடிந்தால் எடையைப் போல் 1.7 மடங்கு. கைத்தசை இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சாய்வு கலையாமல் உடலைப் பலகைபோல் நிறுத்தி வைக்கத்தான் தசை வேண்டும்.

வடத்தை எவ்வளவு தாழப் பிடிக்கிறோமோ அவ்வளவுக்கு நிமிர்த்தும் திருப்புவிசை குறைவு. அதே சாய்வில் அதிகம் இழுக்கலாம். ஆனால் ஒரு அணி மிகத் தாழ்ந்து, எதிரணி உயர்ந்து நின்றால் வடம் சரிவாகி, தாழ்ந்தவர்களை லேசாக மேலே தூக்கும். அதனால் தரை மேல் அழுத்தம் குறைந்து உராய்வும் குறையும். தாழப் பிடிப்பதிலும் அளவு உண்டு.

எவ்வளவு சாயலாம் என்பதைத் தரை தீர்மானிக்கிறது. மேற்சொன்ன கணக்கில் காலுக்கும் தரைக்கும் இடையே தேவைப்படும் உராய்வுக் குணகம், சாய்வுக் கோணத்தின் டேஞ்சன்ட்தான். ரப்பர் காலணிக்கும் உலர்ந்த ஓட்டுத் தரைக்கும் இடையில் அது 0.6 என்றால் 31 பாகைக்கு மேல் சாய்ந்த ஆள் வழுக்குவார். ஓணம் தென்மேற்குப் பருவமழையின் வால்பகுதியில் வருவது. மழையில் நனைந்து குணகம் 0.3 ஆகிவிட்டால் எல்லை 17 பாகை. அப்போது 65 கிலோ ஆளால் 20 கிலோவுக்கும் குறைவாகத்தான் இழுக்க முடியும். குடியிருப்புகளின் ஓட்டு முற்றத்தில் நடக்கும் வடம்வலியில் ஆட்கள் சறுக்கிக்கொண்டே போவதும், வென்றவர்களுக்கே ஏன் வென்றோம் என்று புரியாமல் இருப்பதும் இதனால்தான். மண் தரையில் கதை வேறு. அங்கே குதிகால் மண்ணில் இறங்கிக் குழி பறித்துக்கொள்கிறது. வெறும் உராய்வுக்குப் பதில், குழியின் சுவராக நிற்கும் மண் நொறுங்காமல் தாங்கும் வலிமை வேலைக்கு வருகிறது. அதனால் உடல் எடையையும் மிஞ்சிய விசை கிடைக்கும். கேரளத்துச் செம்மண்ணில் களிமண் கலப்பு அதிகம். லேசான ஈரம் அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். நீர் தேங்கினாலோ அதே மண் குழம்பாகிக் காலை விட்டுவிடும்.

காலணி பற்றிய சண்டை இந்த ஆட்டத்தில் பழையது. 1900 முதல் 1920 வரை கயிறு இழுத்தல் ஒலிம்பிக் போட்டிகளில் இடம்பெற்றிருந்தது. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் லிவர்பூல் போலீஸ் அணி கனமான பணிக்காலணியோடு வந்து அமெரிக்க அணியை இழுத்துத் தள்ள, அமெரிக்கர்கள் காலணியைக் காட்டி முறையிட்டு வெளியேறினார்கள். தங்கமும் வெள்ளியும் வெண்கலமும் அந்த ஆண்டு பிரிட்டிஷ் போலீஸ் அணிகளுக்கே போயின. முறையீட்டை எழுப்பியவர்கள் விஷயத்தின் மையத்தைத் தொட்டிருந்தார்கள் என்பதே சரி. இன்றைய உலக விதிகளில் வெளிக்களக் காலணியின் குதிகாலோடு சமமாகப் பொருந்திய உலோகத் தகடு அனுமதி. ஆணியும் கூர்முனையும் கூடாது.

இனி அணியின் பலம். ஏழு பேரின் இழுப்பைக் கூட்டினால் அணியின் இழுப்பு வந்துவிடும் என்று தோன்றும். எல்லோர் காலும் ஊன்றியிருக்கும் வரை அது சரி. இக்கட்டு, ஒரு கால் வழுக்கும் நொடியில் தொடங்குகிறது. ஏழு பேர் 45 பாகைச் சாய்வில் ஆளுக்கு 65 கிலோ தாங்கி, எதிரணியோடு சமநிலையில் நிற்பதாகக் கொள்ளலாம். நான்காம் ஆள் வழுக்கினால் அவர் பங்கு மற்ற ஆறு பேர் மேல் விழுகிறது. ஆளுக்கு ஏறத்தாழ 76 கிலோ. அதைத் தாங்க அவர்கள் உடனே 49 பாகைக்குச் சாய வேண்டும். தரையும் அதற்கு ஈடு கொடுக்க வேண்டும். இன்னொருவரும் வழுக்கினால் மிச்ச ஐவருக்கும் ஆளுக்கு 91 கிலோ, சாய்வு 54 பாகைக்கு மேல். வழுக்கத் தொடங்கிய காலுக்குக் கிடைக்கும் இயங்கு உராய்வு, ஊன்றி நின்றபோது இருந்த நிலை உராய்வைவிடக் குறைவு. ஆகவே வழுக்கியவர் உடனே பழைய பங்கைத் திருப்பித் தரவும் முடியாது. ஐந்து நிமிடம் அசையாமல் நின்ற அணி ஐந்தே நொடியில் கோட்டைத் தாண்டி வந்துவிடுவதன் காரணம் இந்தச் சங்கிலி விளைவுதான். பார்ப்பவர்கள் அதைச் சோர்வு என்பார்கள். பெரும்பாலும் அது ஒருவரின் குதிகால்.

கடைசி ஆளின் உண்மையான வேலையும் இங்கேதான். உலக விதிப்படி அவர் வடத்தை ஒரு அக்குளின் கீழ் வாங்கி, முதுகின் குறுக்கே கொண்டுபோய், எதிர்த் தோளின் மேலாக முன்னால் இறக்கிக்கொள்ளலாம்; மற்றவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. வடம் உடலைச் சுற்றி வருவதால் கைப்பிடியின் சுமை குறைகிறது. முன்னால் யாராவது விட்டுக்கொடுத்தால் வடம் ஓடாமல் பிடித்து நிறுத்தும் தடை அவர். நடுவில் நிற்பவர்களுக்கும் தனி ஒழுக்கம் உண்டு: வடம் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். ஒருவர் 10 பாகை பக்கவாட்டில் விலகி இழுத்தால் நேர்கோட்டு இழுப்பில் 1.5 சதவீதமே குறையும். ஆனால் அவர் விசையில் 17 சதவீதம் பக்கவாட்டில் போய்ப் பக்கத்து ஆளின் காலைக் கலைக்கும். அவருக்குத் தன் நஷ்டம் தெரியாது. பக்கத்து ஆளுக்குத்தான் தெரியும்.

ஏழு பேர் சேர்ந்தால் ஏழு பேரின் பலம் வராது என்பதை முதலில் அளந்து காட்டியவர் மாக்ஸ் ரிங்கல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர். மனிதரும் மாடும் எந்திரமும் எவ்வளவு திறமையாக இழுக்கின்றன என்பது அவருடைய ஆராய்ச்சி. 1880களில் மாணவர்களைக் கயிறு இழுக்க வைத்து எடுத்த அளவுகளை 1913இல் வெளியிட்டார். தனி ஆளின் இழுப்பை 100 என்று வைத்தால், இருவரானபோது ஆளுக்கு 93, மூவரானபோது 85, ஏழு பேரானபோது 56, எட்டு பேரானபோது 49. இந்த விகிதத்தை அப்படியே பொருத்தினால் 455 கிலோ அணியின் இழுப்பு 255 கிலோவாகச் சுருங்கும். ரிங்கல்மன் இதற்கு முக்கியமாகச் சொன்ன காரணம் ஒத்திசைவின்மை: ஏழு பேரும் தத்தம் உச்ச விசையை வெவ்வேறு நொடியில் தந்தால் மொத்தம் ஒருபோதும் உச்சத்தை எட்டாது.

இன்னொரு காரணமும் இருக்கலாம் என்ற சந்தேகத்தை 1974இல் அமெரிக்காவில் ஆலன் இங்காமும் உடன் பணியாற்றியவர்களும் சோதித்தார்கள். ஒருவரின் கண்ணைக் கட்டி வடத்தின் முன் இடத்தில் நிறுத்தி, பின்னால் பலர் இழுப்பதாக நம்ப வைத்தார்கள். உண்மையில் பின்னால் நின்றவர்கள் இழுப்பதுபோல் முனகினார்களே தவிர இழுக்கவில்லை. ஒத்திசைவுக்கே இடமில்லாத அந்த நிலையிலும், தனியாக இழுத்ததைவிட அவர் இழுப்பு குறைந்தது. மூவர் இருப்பதாக நினைத்தபோது ஏறத்தாழ 85 சதவீதத்துக்கு இறங்கி, அதன்பின் பெரிதாக மாறவில்லை. அதாவது இழப்பில் ஒரு பங்கு கால்கைகளின் தாளக் குறைவு, இன்னொரு பங்கு மனத்தின் தளர்வு. 1979இல் பிப் லாட்டனே, கிப்ளிங் வில்லியம்ஸ், ஸ்டீபன் ஹார்கின்ஸ் மூவரும் கைதட்டலிலும் கூச்சலிலும் இதே போக்கைக் கண்டு அதற்குச் சமூகச் சோம்பல் என்று பொருள்படும் பெயரிட்டார்கள். ஊர் கூடித் தேர் இழுக்கும்போது வடத்தைத் தொட்டுக்கொண்டு நடந்துவரும் புண்ணியவான்களைப் பார்த்த நம் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கண்டுபிடிப்பு வியப்பு தராது. தன் பங்கு தனியாக அளக்கப்படுகிறது என்று தெரிந்தால் இந்தத் தளர்வு பெருமளவு மறைகிறது என்பதுதான் அந்த ஆய்வு வரிசையின் பயனுள்ள பகுதி. அணியின் பயிற்சியாளர் ஆட்களைத் தனித்தனியே வடத்தில் நிறுத்தித் தராசு மாட்டி அளப்பதற்கு இதைவிட நல்ல நியாயம் இல்லை. போட்டியின்போது அவர் வரிசையின் பக்கத்தில் நடந்துகொண்டே குரல் கொடுப்பது முதல் வகை இழப்புக்கான மருந்து.

குழு வேலைகளை இவான் ஸ்டைனர் என்ற உளவியலாளர் 1972இல் வகைப்படுத்தினார். ஒவ்வொருவர் பங்கும் கூடி மொத்தமாவது ஒரு வகை. மிகப் பலவீனமானவர் அளவுக்கே குழு போக முடிவது இன்னொரு வகை. இரண்டாம் வகைக்கு அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் தாக்கும் வரிசை கச்சிதமான உதாரணம். நம் கால்பந்து அல்ல அது. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். பந்தை வைத்திருப்பவரைக் காக்கத் தோளோடு தோள் நிற்கும் ஐந்து பேர், பெரிய கல்லூரிகளில் பெரும்பாலும் ஆளுக்கு 130 கிலோவுக்கு மேல். நால்வர் அசையாமல் நின்று ஒருவர் மட்டும் விட்டுக்கொடுத்தால் போதும், எதிராளி அந்த இடைவெளி வழியாக நுழைந்து பந்தைப் பிடித்திருப்பவரை வீழ்த்திவிடுவார். நால்வரின் உழைப்பும் வீண். அங்கேயும் தாழ்ந்து நின்று தள்ளுபவர் உயர்ந்து நிற்பவரை வெல்வது, வடத்தில் பார்த்த அதே திருப்புவிசைக் கணக்கினால். வடம்வலியை முதல் வகையில் சேர்ப்பதே வழக்கம். ஆனால் மேலே கண்ட சங்கிலி விளைவை வைத்துப் பார்த்தால் அது இரண்டு வகைக்கும் நடுவில் நிற்கிறது: ஊன்றி நிற்கும்வரை கூட்டல், ஒருவர் வழுக்கியதும் கடைசி மனிதரின் கணக்கு. எனவே அணியின் தரத்தை அதன் சிறந்த இழுப்பாளரைக் கொண்டு மதிப்பிடுவது ஏமாற்றும். ஏழாவது இடத்துத் திறமை உள்ளவர் எப்படி என்று பார்க்க வேண்டும். எட்டாவதாக வெளியே உட்கார்ந்திருப்பவர் எப்படி என்றும்.

எடை வரம்பு இந்தக் கணக்கை இறுக்குகிறது. தசையின் விசை அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. எடை கன அளவைப் பொறுத்தது. உடல் வடிவம் மாறாமல் அளவு மட்டும் பெருகினால் பலம், எடையின் மூன்றில் இரண்டு அடுக்காகத்தான் வளரும். 65 கிலோவிலிருந்து 80 கிலோவுக்குப் போனால் எடை 23 சதவீதம் கூடுகிறது, பலம் 15 சதவீதம் மட்டும். மொத்த எடைக்கு வரம்பு இருக்கும்போது பெரிய உடம்பு லாபமில்லை; அந்த எடையைச் சாய்வில் வெகுநேரம் தாங்கும் உடம்புதான் லாபம். தராசுக்கு முன் தண்ணீர் குடிக்காமலும் வியர்க்க ஓடியும் எடையைக் குறைத்துக்கொண்டு வரும் பழக்கம், எடைப் பிரிவுள்ள எல்லா ஆட்டங்களிலும்போல் இங்கும் தொற்றக்கூடியது. உடல் எடையில் 2 சதவீதத்துக்கு மேல் நீர் குறைந்தாலே நீடித்து உழைக்கும் திறன் இறங்கத் தொடங்கும். 65 கிலோ ஆளுக்கு அது 1.3 லிட்டர்தான். தராசில் கிடைத்த லாபம் மூன்றாம் இழுப்பில் வட்டியோடு போய்விடும்.

மூன்றாம் இழுப்பு வரை போவது அரிதல்ல. அசையாமல் இறுகி நிற்கும் தசைக்குள் அழுத்தம் ஏறி, ரத்த ஓட்டத்தை அதுவே நெரித்துவிடுகிறது. ஆக்சிஜன் வருவதும் கழிவு போவதும் தடைப்படும். ஜெர்மானியர் வால்டர் ரோமெர்ட் 1960இல் இதற்கு ஒரு வளைகோடு வரைந்தார்: உச்ச பலத்தில் பாதியை ஏறத்தாழ ஒரு நிமிடமே தாங்க முடியும், 15 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் வெகுநேரம் தாங்கலாம். தேர்ந்த அணிகள் கையை மடக்காமல் நீட்டி, முழங்காலை ஏறத்தாழ நிமிர்த்தி, சுமையை எலும்பின் மேல் ஏற்றி நிற்பது இதனால். மடக்கிய கையில் பைசெப்ஸ் தசை சுமையைத் தாங்கி ஒரு நிமிடத்தில் எரியத் தொடங்கும். நீட்டிய கையில் தசைநாரும் எலும்பும் தாங்குகின்றன, விரல்கள் மட்டும் உழைக்கின்றன. எதிரணி துள்ளித் துள்ளி இழுத்துக் களைக்கும்வரை இப்படிக் காத்திருந்து, அது மூச்சு வாங்கும் நொடியில் ஒரே தாளத்தில் பின்னடி வைப்பது பழைய தந்திரம்.

32 அணிகள் மோதும் ஒரு வெளியேற்றுப் போட்டியை எடுத்துக்கொண்டால், கோப்பை வெல்லும் அணி 5 ஆட்டம் ஆட வேண்டும். குறைந்தது 10 இழுப்பு, அதிகம் போனால் 15. பெரும்பாலும் எல்லாம் ஒரே இரவில். தசைக்கு உடனடி ஆற்றல் தரும் கிரியேட்டின் பாஸ்பேட் சில நிமிட ஓய்வில் பெருமளவு மீண்டுவிடும். உள்ளங்கைத் தோலும் முன்கைத் தசையும் கீழ்முதுகும் அப்படி மீளாது. அரையிறுதியில்தான் மாற்று ஆளின் அருமை தெரியும்.

மாற்று ஆள் என்றால் யாராவது ஒருவர் என்றாகாது. அணியின் மொத்த எடை 454.5 கிலோ, வெளியேறுபவர் 62 கிலோ என்றால், உள்ளே வருபவர் 62.5 கிலோவைத் தாண்டக் கூடாது. 66 கிலோ பலசாலி வெளியே உட்கார்ந்து கைதட்ட வேண்டியதுதான். வடத்தின் எந்தப் பக்கம் நின்று பழகினார், முன்னால் நிற்பவரா, கடைசியில் வடத்தைத் தோளில் ஏந்துபவரா என்பதும் பொருந்த வேண்டும். கடைசி இடத்துக்கு மாற்று இல்லாத அணி, எத்தனை பேர் வரிசையில் காத்திருந்தாலும், மாற்று இல்லாத அணிதான். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து அணிகளுக்கு எடை வரம்பு கிடையாது; பெரிய அணிகள் நீண்ட காலம் 85 பேர் வரை உதவித்தொகை கொடுத்து வைத்திருந்தன. அங்கேயும் பருவத்துக்கு முன் பயிற்சியாளர்கள் கவலைப்படுவது இதே கேள்விக்குத்தான்: இடது ஓரத்தில் நிற்பவர் காயப்பட்டால் அந்த இடத்தில் நிற்கத் தெரிந்தவர் யார்?

கேரளக் கல்லூரி அணிகளுக்குச் சிக்கல் இன்னும் கூர்மையானது. மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் 12 பேர் கொண்ட குழு இருந்தால் ஆண்டுதோறும் சராசரி 4 பேர் படிப்பு முடித்துப் போவார்கள். வடத்தில் ஒத்திசைவு ஒரு மாதத்தில் வருவதில்லை. முதலாண்டு மாணவர் பழகி முடிக்கும்போது இறுதியாண்டுத் தேர்வு வந்துவிடும். ஓணத்துக்கு இரண்டு வாரம் முன்னால் கட்டான உடம்புக்காரர்களைத் தேடிப் பிடிக்கும் முறை இதனாலேயே தோற்கிறது. அதைவிட, இரண்டாம் ஆண்டில் இருக்கும் ஒல்லியான மூவரை வரிசையின் முன், நடு, கடைசி என்ற மூன்று இடங்களிலும் மாற்றி மாற்றி நிறுத்திப் பழக்குவது நல்லது.

பயிற்சி முறை பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. அசையாமல் தாங்கும் பயிற்சியால் வரும் பலம், பயின்ற மூட்டுக் கோணத்தை ஒட்டியே பெரிதும் நிற்கிறது. ஆகவே உடற்பயிற்சிக் கூடத்தில் நின்றுகொண்டு எடை தூக்குவதைவிட, மரக்கிளையில் கப்பி கட்டி மணல்மூட்டையை வடத்தால் தூக்கி, சாய்ந்த நிலையிலேயே நிறுத்திப் பழகுவது நேரடிப் பலன் தரும்.

கடைசியாக வடம். மணிலா நார் வடம் அதிகம் நீளாது. 32 மில்லிமீட்டர் விட்டமுள்ள புதிய வடம் சுமார் ஐந்து டன் தாங்கும். தேங்காய் நார் வடம் அதே பருமனில் அதைவிடக் கணிசமாகக் குறைவாகவே தாங்கும், நீளவும் செய்யும். நைலான் வலுவானது, ஆனால் நீண்டு ஆற்றலைச் சேர்த்துவைத்து, அறுந்தால் சாட்டைபோல் திரும்பி அடிக்கும். 1997 அக்டோபர் 25 அன்று தைவான் தலைநகர் தைபேயில் சுமார் 1,600 பேர் இழுத்த நைலான் வடம் அறுந்து, இரண்டு பேரின் இடக்கை தோளுக்குக் கீழே துண்டானது. மருத்துவர்கள் மீண்டும் பொருத்தினார்கள். ஏழு பேருக்கு ஏழு பேர் இழுக்கும்போது இந்த ஆபத்து தொலைவில்தான் இருக்கிறது. எண்ணிக்கை வரம்பில்லாமல், பக்கத்துக்கு ஐம்பது பேர் ஆசைக்குப் பிடித்து வெட்டி இழுக்கும் தெருமுனை வடம்வலியில் அது பக்கத்திலேயே நிற்கிறது: ஐம்பது பேர் ஆளுக்கு 65 கிலோ இழுத்தால் 3,250 கிலோ, வெட்டி இழுக்கும்போது நொடிப்பொழுதுக்கு இன்னும் ஏறும். கடையில் கிடைத்த பழைய கயிறு அதைத் தாங்காது. இந்த ஓணத்துக்கு வடம் வாங்கப் போகும் சங்கச் செயலாளர்கள் ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அந்த மொத்த இழுப்பைப்போல் குறைந்தது மூன்று மடங்கு தாங்கும் வடத்தை வாங்க வேண்டும்; இழுப்பவர் யாரும் வடத்தைக் கையிலோ இடுப்பிலோ சுற்றிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளவும் ஓர் ஆளை நிறுத்த வேண்டும்.